கிளாக்கோமா சொட்டு மருந்துகள் கூடிக்கொண்டே போகின்றனவா? எது தேவை, எது மிகை என்று சரிபார்க்கும் முறை

கிளாக்கோமா என்பது பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பு தேயும் நோய். அந்த நோயாளியின் மருந்துப் பையில் பாட்டில்கள் கூடுவதற்கு நோய் முற்றுவது மட்டுமே காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு மருத்துவர் எழுதியது தெரியாமல் இன்னொருவர் எழுதுவார். மெடிக்கலில் கம்பெனி மாற்றிக் கொடுப்பார்கள். மருந்தின் பக்கவிளைவைப் புது வியாதியாக எண்ணி அதற்கும் ஒரு மருந்து சேரும். சொட்டு கண்ணுக்குள் சரியாக விழாததால் அழுத்தம் குறையாமல் இருக்கும்; மருந்து போதவில்லை என்று இன்னொன்று எழுதப்படும். மூன்று மருந்துகளும் உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள் உண்டு. ஆனால் ஒவ்வொரு பாட்டிலும் ஏன் இருக்கிறது என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும். பதில் இல்லாத பாட்டில் கண்ணின் மேற்பரப்பைக் கெடுக்கிறது, சில சமயம் இதயத்தையும் நுரையீரலையும் தொடுகிறது, மாதாமாதம் பணத்தையும் கரைக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதைப் படித்துவிட்டு எந்தச் சொட்டையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். கண் அழுத்தம் ஏறுவது பெரும்பாலும் வலியில்லாமல், தெரியாமல் நடக்கும். பார்வை நரம்பில் போனது திரும்பி வராது. இங்கே இருப்பதெல்லாம் மருத்துவரிடம் போகும் முன் வீட்டில் செய்ய வேண்டிய கணக்கெடுப்பும், அங்கே போய்க் கேட்க வேண்டிய கேள்விகளும்தான்.

எல்லா பாட்டில்களையும் மேசையில் வையுங்கள்

கண்ணுக்குப் போடும் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். கண் வறட்சிக்கான சொட்டு, அரிப்புக்கு வாங்கியது, ஃபிரிட்ஜ் கதவில் கிடக்கும் பழைய பாட்டில் என எதையும் விடாதீர்கள். பெரிதாக அச்சிட்டிருக்கும் வணிகப் பெயரைப் பார்க்க வேண்டாம். அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் சதவீதத்தையும் படியுங்கள். எழுத்து தெரியவில்லை என்றால் மொபைலில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு தாளில் ஐந்து பத்திகள் போடுங்கள்: மருந்தின் பெயர், எந்தக் கண், ஒரு நாளைக்கு எத்தனை முறை, எப்போது ஆரம்பித்தது, யார் எழுதியது.

அடுத்து, ஒவ்வொன்றும் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று பிரியுங்கள். பெயரின் வால்பகுதியே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

'ப்ராஸ்ட்' என்று முடிபவை புராஸ்டாகிளாண்டின் வகை: லட்டானோப்ராஸ்ட், டிராவோப்ராஸ்ட், பைமட்டோப்ராஸ்ட், டாஃப்ளுப்ராஸ்ட். ஒரு நாளைக்கு ஒரே ஒரு சொட்டு, வழக்கமாக இரவில். அழுத்தத்தைச் சுமார் 25 முதல் 30 சதவீதம் குறைக்கும். 'லால்' என்று முடிபவை பீட்டா பிளாக்கர்கள்: டிமோலால், பீட்டாக்சலால். டிமோலால் 20 முதல் 25 சதவீதம் குறைக்கும். பிரிமோனிடின் ஆல்ஃபா வகை. அதுவும் ஏறக்குறைய அதே அளவு. 'சோலமைட்' என்று முடியும் டார்சோலமைட், பிரின்சோலமைட் இரண்டும் 15 முதல் 20 சதவீதம். புதிதாக வந்த நெட்டார்சுடில், ரிபாசுடில் ரோ கைனேஸ் தடுப்பான்கள். பழைய பைலோகார்பின் தனி வகை. இப்போது குறைவாகவே எழுதப்படுகிறது.

ஒரு குடும்பத்திலிருந்து ஒரு கண்ணுக்கு ஒரு மருந்துதான் என்பது விதி. இது மீறப்படும் இடங்கள் பெரும்பாலும் மூன்று.

முதலாவது, இரண்டு 'ப்ராஸ்ட்'கள். பழைய மருத்துவர் லட்டானோப்ராஸ்ட் எழுதியிருப்பார், புதியவர் பைமட்டோப்ராஸ்டுக்கு மாற்றியிருப்பார். பழையதை நிறுத்தச் சொன்னது காதில் விழாமல் இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு போட்டால் இரட்டிப்புப் பலன் வரும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு: இந்த வகையை அதிகமாகப் போட்டால் அழுத்தம் குறைவது மங்கிவிடும், சிலருக்கு ஏறவும் செய்யும். ஒரே 'ப்ராஸ்ட்' மருந்தைக் காலையும் இரவும் போடுவதும் இதே தவறுதான்.

இரண்டாவது, ஒளிந்திருக்கும் டிமோலால். கலவை மருந்துகளில் பலவற்றில் அது இருக்கிறது. வணிகப் பெயருக்குப் பின்னால் 'டி' என்று போட்டிருந்தால் டிமோலால் சேர்த்தது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஆனால் எழுத்து இல்லாமலும் இருக்கும். காம்பிகன் என்பது பிரிமோனிடினும் டிமோலாலும். டார்சாக்ஸ்-டி என்பது டார்சோலமைடும் டிமோலாலும். இரண்டையும் காலை மாலை போடுகிறவரின் ஒவ்வொரு கண்ணிலும் நாளைக்கு நான்கு சொட்டு டிமோலால் விழுகிறது. 0.5 சதவீத டிமோலாலுக்கு நாளைக்கு இரண்டு சொட்டுதான் உச்ச அளவு. அதற்கு மேல் போடுவதால் அழுத்தம் கூடுதலாக இறங்காது. நாடித்துடிப்பும் மூச்சும்தான் அடிவாங்கும். சரிசெய்வதும் எளிது: ஒன்று டிமோலால் கலந்த கலவையாக இருக்கட்டும், மற்றது கலக்காத தனி மருந்தாக இருக்கட்டும். அதே மூன்று மருந்துகள், பாதி டிமோலால்.

மூன்றாவது, ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில். ஐயோடிம், குளுக்கோமால் இரண்டும் டிமோலால்தான். ஊர் மாறி, கடை மாறி வாங்கும்போது இது சாதாரணமாக நடக்கிறது. மூடியின் நிறத்தை நம்ப வேண்டாம். அமெரிக்காவில் ஒவ்வொரு வகைக்கும் ஒரு மூடி நிறம் என்ற வழக்கம் உண்டு. நம் ஊர் கம்பெனிகள் எல்லாம் அதைப் பின்பற்றுவதில்லை.

சொட்டு உள்ளே போகிறதா?

'அழுத்தம் குறையவில்லை, இன்னொரு மருந்து சேர்க்கலாம்' என்று மருத்துவர் சொல்லும் முன்பு, நோயாளி சொட்டுப் போடுவதை யாராவது ஒருமுறை நேரில் பார்த்திருக்க வேண்டும். கன்னத்தில் வழிந்த மருந்துக்காக எழுதப்பட்ட இரண்டாவது பாட்டில்கள் ஏராளம்.

கணக்கு இதுதான். ஒரு சொட்டின் அளவு 30 முதல் 50 மைக்ரோ லிட்டர். கண் தாங்குவது அதிகபட்சம் 30 மைக்ரோ லிட்டர் அளவு. ஆகவே ஒரு சொட்டே போதும், அதிலேயே கொஞ்சம் வழியும். இரண்டாவது சொட்டு முதல் சொட்டைக் கழுவித்தான் வெளியேற்றும். வெவ்வேறு மருந்துகளுக்கிடையே 5 நிமிட இடைவெளி அவசியம். மூன்று பாட்டில்களையும் வரிசையாக ஒரே மூச்சில் போட்டு முடிப்பவருக்குக் கடைசிப் பாட்டில் மட்டுமே முழுதாக வேலை செய்கிறது.

போடும் முறை: கையைக் கழுவுங்கள். படுத்துக்கொள்ளுங்கள் அல்லது தலையை நன்றாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். கீழ் இமையை இழுத்து ஒரு பை போலச் செய்து, மேலே பார்த்தபடி ஒரு சொட்டு விடுங்கள். பாட்டில் முனை இமையையோ முடியையோ தொடக் கூடாது. உடனே கண்ணை மெதுவாக மூடுங்கள். சிமிட்டக் கூடாது, இறுக்கவும் கூடாது. மூக்கின் பக்கம் கண் முடியும் இடத்தில் விரலால் 2 முதல் 3 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கண்ணீர் மூக்குக்கு இறங்கும் குழாய் அங்கேதான் தொடங்குகிறது. அதை அடைக்காவிட்டால் மருந்து மூக்கின் சவ்வு வழியாக நேராக இரத்தத்தில் கலந்துவிடும். மாத்திரையாக விழுங்கியது முதலில் ஈரலைக் கடந்து கொஞ்சம் சிதைந்துதான் உடம்புக்குப் போகும். மூக்கு வழியாகப் போவதற்கு அந்தத் தடையும் இல்லை. ஒரு சொட்டு டிமோலால் ஆஸ்துமாக்காரருக்கு மூச்சுத்திணறலைக் கொண்டுவருவது இப்படித்தான். சொட்டு போட்டதும் வாய் கசக்கிறது என்றால் குழாயைச் சரியாக அடைக்கவில்லை என்று அர்த்தம்.

பாட்டில் எத்தனை நாள் வருகிறது என்பதும் ஒரு சோதனை. 3 மி.லி. பாட்டிலில் சொட்டின் அளவைப் பொறுத்து 60 முதல் 100 சொட்டுகள் இருக்கும். இரண்டு கண்ணுக்கும் இரவில் ஒவ்வொன்று என்றால் மாதத்துக்கு 60. இரண்டு வாரத்தில் தீர்ந்தால் சொட்டுகள் வெளியே போகின்றன. மூன்று மாதம் வந்தால் பல இரவுகள் மருந்தே விழவில்லை. இதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. தவறவிட்ட சொட்டுகளுக்குப் பதிலாகப் புது மருந்து சேர்ந்தால், அந்தப் பாட்டிலும் அதே கதைதான் ஆகும். பாட்டில் கூடக் கூட ஒழுங்காகப் போடுவது இன்னும் குறையும். திறந்த பாட்டிலை 4 வாரத்தில் மாற்றுங்கள். லட்டானோப்ராஸ்டுக்கு 6 வாரம் வரை. திறக்கும் முன் அதை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டியிருக்கும், பெட்டியில் எழுதியிருப்பதைப் பாருங்கள்.

ஒவ்வொரு மருந்தும் என்ன சாதித்தது?

பழைய சீட்டுகளை எல்லாம் எடுத்து, தேதி வாரியாகக் கண் அழுத்தத்தை எழுதுங்கள். மருந்து தொடங்கும் முன் இருந்த அழுத்தம்தான் இதில் மிக முக்கியமான எண். அது இல்லாமல் எந்த மருந்தின் பலனையும் அளக்க முடியாது. ஒவ்வொரு மருந்து சேர்ந்த இடத்திலும் ஒரு கோடு போட்டு, முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு என்று பாருங்கள்.

உதாரணமாக, தொடக்கத்தில் அழுத்தம் 28 (மி.மீ. பாதரசம்; இங்கே புள்ளி என்பதும் இந்த அளவுதான்) இருந்தது. லட்டானோப்ராஸ்ட் போட்டு 20 ஆனது. இலக்கு 17 என்று வைத்திருக்கிறார்கள் என்றால் இரண்டாவது மருந்து நியாயமே. ஆனால் 28 இருந்தது 26 மட்டுமே ஆகியிருந்தால், முதல் மருந்து அந்தக் கண்ணில் வேலை செய்யவில்லை. அதன் மேல் இன்னொன்றைச் சேர்க்கக் கூடாது. முதலாவதை எடுத்துவிட்டு மாற்ற வேண்டும். நிபுணர்களின் வழிகாட்டுதல்களும் இதையே சொல்கின்றன. நடைமுறையில் அதிகம் தவறிப்போவது இந்த இடம்தான். வேலை செய்யாத மருந்து அப்படியே தங்கிவிட, மேலே மேலே அடுக்கிக்கொண்டே போகிறார்கள். சேரச் சேரப் பலனும் சுருங்கும்: முதல் மருந்து 7, 8 புள்ளி குறைத்தால் மூன்றாவது ஓரிரு புள்ளிகளே குறைக்கலாம். நான்காவது பெரும்பாலும் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவதற்குத்தான் பயன்படுகிறது.

ஒற்றை எண்ணைப் பார்த்துப் பதறவும் கூடாது. கண் அழுத்தம் ஒரே நாளிலேயே சில புள்ளிகள் ஏறி இறங்கும். மூச்சைப் பிடித்தாலோ, கண்ணை இறுக்கினாலோ கூட ஏறும். புது மருந்து சேர்க்கும் முன் வேறொரு நாளில், வேறொரு நேரத்தில் மீண்டும் அளக்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. நரம்பு ஏற்கெனவே மிகவும் நலிந்தவர்களுக்கு மட்டும் இப்படிக் காத்திருப்பது ஆபத்து.

இலக்கு அழுத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். இலக்கு என்று ஒன்றே குறிக்கப்படாத கோப்பில், மருந்து போதுமா போதாதா என்பதற்கு அளவுகோலே இல்லை.

பக்கவிளைவுக்கு மருந்து, அதன் பக்கவிளைவுக்கு இன்னொரு மருந்து

பிரிமோனிடின் போடத் தொடங்கிச் சில மாதங்கள் கழித்துக் கண் சிவந்து அரிக்கும். பல மாதம் ஒத்துக்கொண்ட மருந்துதானே என்று யாருக்கும் அதன்மேல் சந்தேகம் வராது. அலர்ஜி என்று ஒரு சொட்டு எழுதுவார்கள், அல்லது நோயாளியே மெடிக்கலில் கேட்டு வாங்குவார். அப்படி வாங்குவதில் பலதும் ஆன்டிபயாட்டிக்குடன் ஸ்டீராய்டு கலந்த சொட்டுகள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்ற பெயர்கள் பாட்டிலில் இருக்கும். சிவப்பு இரண்டு நாளில் மாயமாக மறையும். அதனால் அதையே தொடர்வார்கள். சில வாரங்களில் ஸ்டீராய்டு கண் அழுத்தத்தை ஏற்றும், கிளாக்கோமா உள்ளவர்களுக்கு இன்னும் எளிதாக. அடுத்த பரிசோதனையில் அழுத்தம் 30. கிளாக்கோமா முற்றிவிட்டது என்று மூன்றாவது மருந்து எழுதப்படும். அங்கே செய்திருக்க வேண்டியது இரண்டே: பிரிமோனிடினை மாற்றுவது, ஸ்டீராய்டை நிறுத்துவது. ஸ்டீராய்டை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் அழுத்தம் தானாகவே இறங்கும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் போட்டிருந்தால் இறங்காமலும் போகலாம். மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே, ஆஸ்துமா இன்ஹேலர், முகத்தில் தடவும் ஸ்டீராய்டு கிரீம், மாத்திரை எல்லாவற்றையும் கண் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆஸ்துமா இன்ஹேலரை மட்டும் அதை எழுதிய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.

இதைவிடச் சத்தமில்லாமல் நடப்பது கண் வறட்சி. பெரும்பாலான பாட்டில்களில் கிருமி வளராமலிருக்க பென்சால்கோனியம் குளோரைடு சேர்க்கப்படுகிறது. அது கண்ணீர்ப் படலத்தைக் கலைத்து, கருவிழியின் மேற்பரப்புச் செல்களை அரிக்கிறது. நாளைக்கு ஒரு சொட்டு என்றால் பலரும் தாங்கிவிடுவார்கள். நான்கு பாட்டில், ஏழு சொட்டு என்றால் எரிச்சல், மணல் விழுந்த உணர்வு, மங்கல் எல்லாம் வரும். அதற்கு எழுதப்படும் வறட்சிச் சொட்டிலும் சில சமயம் இதே வேதிப்பொருள் இருக்கிறது. பெட்டியில் 'பிரிசர்வேட்டிவ்' என்ற வரியைத் தேடிப் பாருங்கள். அது இல்லாத வகைகளும் கிடைக்கின்றன, விலை கூடுதல். ஆனால் இரண்டு தனி மருந்துகளை ஒரு கலவை பாட்டிலாக மாற்றினாலே கண்ணில் விழும் பென்சால்கோனியம் கணிசமாகக் குறையும். அதற்குக் கூடுதல் செலவும் அதிகம் ஆகாது.

உடம்பின் மற்ற பகுதிகளில் தெரிவதைக் கண் மருந்தோடு யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. வயதான அப்பாவோ அம்மாவோ புதிதாகத் தலைசுற்றுகிறது, பகலெல்லாம் தூக்கமாக வருகிறது, வாய் வறள்கிறது என்றால் பிரிமோனிடினை நினையுங்கள். சோர்வு, மூச்சிரைப்பு, மெதுவான நாடி என்றால் டிமோலால். ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு, இதயத் துடிப்பின் மின்கடத்தலில் தடை (ஹார்ட் பிளாக்) உள்ளவர்களுக்கு டிமோலால் கொடுக்கவே கூடாது. இரத்த அழுத்தத்துக்கு ஏற்கெனவே அட்டெனலால், மெட்டோப்ரொலால் சாப்பிடுபவர்களுக்கு டிமோலாலின் கண் பலன் குறையும், நாடி இன்னும் இறங்கும் ஆபத்து கூடும். நாடியை ஒரு நிமிடம் முழுதாக எண்ணிப் பாருங்கள். 60-க்குக் கீழே என்றால் சொல்லியாக வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னொரு சிக்கல்: சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பை டிமோலால் மறைத்துவிடும். அசெட்டசோலமைட் மாத்திரை மாதக்கணக்கில் ஓடினால், விரல் மரத்துப்போவது, பசியின்மை, சிறுநீரகக் கல் வரலாம். அது பெரும்பாலும் குறுகிய காலத்துக்கான மருந்து. சிறுநீரகக் கோளாறு இருப்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

கிளாக்கோமாதானா?

அழுத்தம் 23 என்பதற்காகவே ஆயுள் முழுக்க மருந்து போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அழுத்தம் கூடியிருந்து, நரம்பும் பார்வைப் புலமும் (நேரே பார்க்கும்போது சுற்றிலும் தெரியும் பரப்பு) நன்றாக இருந்தால் அது கிளாக்கோமா அல்ல, உயர் கண் அழுத்தம். அமெரிக்காவில் 1,636 பேரை வைத்து நடந்து 2002-ல் வெளியான ஆய்வில், இப்படிப்பட்டவர்களில் மருந்து போடாதவர்களில் 5 ஆண்டுகளில் கிளாக்கோமா வந்தது 9.5 சதவீதம் பேருக்கு, போட்டவர்களில் 4.4 சதவீதம். மருந்து பாதுகாக்கிறது என்பது உண்மை. மருந்தில்லாமலே பத்தில் ஒன்பது பேர் நன்றாக இருந்தார்கள் என்பதும் உண்மை. வயது, கருவிழியின் தடிமன், நரம்பின் குழி அளவு, குடும்ப வரலாறு பார்த்துத்தான் யாருக்கு மருந்து, யாருக்குக் கண்காணிப்பு என்று முடிவு செய்ய வேண்டும்.

கருவிழியின் தடிமன் அளந்திருக்கிறார்களா என்று பாருங்கள். தடித்த கருவிழியில் கருவி அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும், மெல்லியதில் குறைத்துக் காட்டும். லேசிக் செய்துகொண்டவர்கள் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அவர்களுக்கு 16 என்று காட்டுவது உண்மையில் அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். காற்று ஊதும் கருவியில் கூடுதலாக வந்தால், கருவிழியைத் தொட்டு அளக்கும் கோல்ட்மேன் கருவியில் உறுதி செய்யச் சொல்லுங்கள்.

நரம்பின் தடிமனை அளக்கும் ஓசிடி ஸ்கேன் அறிக்கையில் சிவப்பு நிறம் வந்துவிட்டாலே நோய் என்று ஆகாது. அந்த இயந்திரம் சராசரிக் கண்களோடு ஒப்பிட்டுத்தான் நிறம் போடுகிறது. அதிகக் கிட்டப்பார்வை உள்ளவர்களின் நரம்பு நோயில்லாமலே சிவப்பில் விழக்கூடும். பார்வைப் புல சோதனையும் முதல் முறை பழக்கமின்மையால் மோசமாக வருவது சகஜம். மீண்டும் செய்து அதே இடத்தில் குறை தெரிந்தால்தான் நம்ப வேண்டும்.

கோனியோஸ்கோப்பி என்ற சோதனை எழுதியிருக்கிறதா என்றும் தேடுங்கள். சிறிய கண்ணாடி லென்ஸை வைத்து, நீர் வடியும் கோணம் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று பார்ப்பது அது. மூடிய கோண வகை நம்மிடையே குறைவல்ல. கோணம் மூடியிருப்பவருக்கு வழி திறக்காமல் வெறும் சொட்டை அடுக்கிக்கொண்டே போவது பயன் தராது. லேசரில் கருந்திரையில் (ஐரிஸ்) துளை போடுவதோ, கண்புரையை எடுப்பதோதான் அங்கே அடிப்படைச் சிகிச்சை.

சொட்டுக்கு மாற்று

திறந்த கோண கிளாக்கோமாவுக்கு எஸ்எல்டி என்ற லேசரை மூன்றாவது பாட்டிலுக்கு முன்பே, ஏன், முதல் பாட்டிலுக்கு முன்பே கூடப் பேசலாம். பிரிட்டனில் 718 பேரை வைத்து நடந்து 2019-ல் வெளியான லைட் என்ற ஆய்வில், லேசரை முதலில் செய்துகொண்டவர்களில் 74 சதவீதம் பேர் 3 ஆண்டுகள் கழித்தும் சொட்டு மருந்து இல்லாமலே கட்டுப்பாட்டில் இருந்தார்கள். சில நிமிட வேலை, மயக்கம் தேவையில்லை. ஆண்டுகள் போனால் பலன் குறையலாம். தேவைப்பட்டால் மறுபடி செய்யலாம். மூன்று வகை மருந்து போட்டும் நரம்பு தேய்ந்துகொண்டே போகிறது என்றால் நான்காவதைத் தேட வேண்டாம். டிராபெக்குலெக்டமி போன்ற அறுவை சிகிச்சையைப் பற்றிக் கேளுங்கள்.

மருத்துவரிடம்

தாள், பாட்டில்கள், பழைய சீட்டுகள், புல சோதனை மற்றும் ஓசிடி அறிக்கைகள், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல் எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள். 'மருந்து அதிகமாக இருக்கிறது, குறைத்துக் கொடுங்கள்' என்று கேட்டால் பேச்சு சரியாகப் போகாது. இப்படிக் கேளுங்கள்: 'டாக்டர், இந்த இரண்டிலும் டிமோலால் இருக்கிறது, இரண்டும் வேண்டுமா? இந்த மருந்து சேர்த்த பிறகு அழுத்தம் ஒரு புள்ளிதான் குறைந்திருக்கிறது, இதை எடுத்துப் பார்க்கலாமா? எனக்கு லேசர் பொருந்துமா?'

குறைப்பது என்று மருத்துவர் முடிவெடுத்தால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்தைத்தான் நிறுத்த வேண்டும். இரண்டை ஒன்றாக நிறுத்தினால் எது வேலை செய்துகொண்டிருந்தது என்று தெரியாமலே போகும். மருந்தின் சாயல் கண்ணில் உடனே போய்விடாது: சோலமைட் வகைக்கு ஒரு வாரம், பிரிமோனிடினுக்கு 2 வாரம், டிமோலாலுக்கும் ப்ராஸ்ட் வகைக்கும் 4 வாரம் வரை தங்கும். அதனால் நிறுத்திய மூன்றாம் நாள் அளந்து 'பரவாயில்லை' என்று சொல்வதில் பொருளில்லை. 4 முதல் 6 வாரத்தில் ஓர் அளவு, பிறகு இன்னொன்று என்று தேதி வாங்கிக்கொண்டே வெளியே வாருங்கள். ஒரே பார்வைக் கண் உள்ளவர்கள், புலம் நடுப்பகுதி வரை சுருங்கிவிட்டவர்கள், சமீபத்தில் கிளாக்கோமா அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் விஷயத்தில் இந்தப் பரிசோதனையை மருத்துவர் மறுத்தால் அது சரியான மறுப்பு. இடையில் கண்வலியோடு சிவப்பு, விளக்கைச் சுற்றி வண்ண வளையம், வாந்தி, திடீர் மங்கல் எது வந்தாலும் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே போக வேண்டும்.